அலைதடுப்புச் சுவர் வரைக்கும்

கடலில் அந்தச் சின்னப் போர்க்கப்பலுக்கு உத்தரவு போடுவது தலைமைக் கப்பல். கரையில் பழுதுபார்த்து அனுப்புவது கிழட்டுக் கிரேன். கிரேனைக் கண்டாலே கப்பலுக்கு ஆகாது.

"சண்டைக்குப் போறவன் நான். பத்து நாளா கட்டிப்போட்டுச் சுரண்டுறியே!"

"பொறு தம்பி. சுக்கானை இன்னொரு தரம் பார்த்துடறேன்."

கப்பல் கடலுக்குப் போன அந்த வாரமே புயல் அடித்தது. "இடப்பக்கம் திரும்பு!" என்று தலைமைக் கப்பல் கத்தியது. சுக்கான் சொன்னபடி கேட்டது. கப்பல் பாறையில் உரசாமல் விலகிப் போனது.

கரைக்கு வந்ததும் கப்பல் கிரேனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது: "அடுத்த தடவை நீங்களும் கூட வாங்களேன், அண்ணே."

"அலைதடுப்புச் சுவர் வரைக்கும்தான் தம்பி என் அதிகாரம். அதுக்கு அப்பால் உன்னைப் பார்த்துக்கிட்டு நிற்கத்தான் முடியும்."

மறுபடி புறப்பட்டபோது, சுவர் அருகே கப்பல் நீளமாக ஹாரன் அடித்தது.

"யார் உத்தரவு அது?" என்று அதட்டியது தலைமைக் கப்பல்.

"யாரும் போடலை, ஐயா" என்ற கப்பல், இன்னொரு தரமும் அடித்தது.