என் பேப்பரைத் தொடாதவள்

என்னை முதலில் மோசம் செய்தவள் அமீரா. கடைச் சொந்தக்காரர் இரண்டாவதுதான்.

சிங்கப்பூர் கேம்பல் லேனில் என் பூக்கடைக்கு அடுத்தது ஹமீது பாயின் ஜவுளிக்கடை. அவர் மகள்தான் அமீரா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், என் பூக்கட்டும் மேசையின் ஓரத்தில்தான் புத்தகத்தை விரிப்பாள். இப்போது அவளும் வக்கீல்; பெரிய வக்கீல் ஆபீசில் வேலை.

அதே மேசையால்தான் எனக்கு வினை வந்தது. அதைக் கடைக்கு வெளியே நடைபாதையில் போட்டு வாடகை ஒப்பந்தத்தை மீறிவிட்டேனாம். கடையை உடனே காலி செய்ய வேண்டுமென்று சொந்தக்காரர் வழக்குப் போட்டுவிட்டார்.

பூக்கட்டுவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. வக்கீல் வைக்க வசதியில்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதில்லை.

சென்னையில் வக்கீலாக இருக்கும் என் மச்சான் மகன் வெங்கடேஷ், வாட்ஸ்அப்பில் சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளுமாக அனுப்பினான்.

"இதை அப்படியே ஜட்ஜ்கிட்ட கொடுங்க மாமா. எதிர்க்கட்சி வாயே திறக்காது."

எல்லாவற்றையும் பேப்பரில் அச்செடுத்தேன். மறுநாள், தெருவில் வந்த அமீராவிடம் நீட்டினேன்.

"சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாரும்மா."

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"காட்டாதீங்க அங்கிள். கேஸைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க."

"நம்ம கடை விஷயம்மா..."

"ப்ளீஸ் அங்கிள். ஃப்ரீயா லீகல் அட்வைஸ் தர்ற இடம் இருக்கு. இன்னைக்கே போய்க் கேளுங்க."

தெருவே வேடிக்கை பார்த்தது. பேப்பரைச் சுருட்டிக்கொண்டு கடைக்குள் வந்துவிட்டேன். அவள் சொன்ன இடத்துக்கு நான் போவேனா? போகவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. சொந்தக்காரர் பக்கத்தில், பெரிய வக்கீலை ஒட்டி, கறுப்பு கோட்டில் அமீரா.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

நீதிபதி என் பேப்பரைப் புரட்டிவிட்டு அவளிடம் ஏதோ கேட்டார். எழுந்து ஆங்கிலத்தில் படபடவென்று பேசினாள். எனக்கு மொழிபெயர்க்க வந்த சக்தி என்ற பெண் மெதுவாகச் சொன்னாள்:

"ஐயா, நீங்க கொடுத்ததெல்லாம் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமாம். இங்க செல்லாதாம். முதல்ல சிங்கப்பூர்ச் சட்டத்தைக் காட்டணுமாம். வெளிநாட்டுத் தீர்ப்பைக் காட்டினா, அது இங்க எப்படிப் பொருந்தும்னு விளக்கம் தரணுமாம். நீங்க தரலையாம்."

நீதிபதி என்னிடம் திரும்பினார்.

"இங்க உள்ள சட்டம் ஏதாவது காட்ட முடியுமான்னு கேக்குறாங்க ஐயா."

இல்லையென்று தலையை ஆட்டினேன். சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே போனைப் பைக்குள் வைத்தார், கிளம்பப் போகிறவர் மாதிரி.

கடை போச்சு என்று நினைத்தேன். என் மேசையில் உட்கார்ந்து படித்தவளே என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள்.

ஆனால் அமீரா இன்னும் உட்காரவில்லை. பெரிய வக்கீல் அவள் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். அவள் ஏதோ சொன்னாள். சக்தி ஒரு நொடி மொழிபெயர்க்க மறந்து அவளையே பார்த்தாள்.

"என்னம்மா? என்ன சொல்றா?"

"ஐயா... இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்காம். இந்த மாதிரி ஒப்பந்த மீறலுக்குக் கடையைத் திரும்ப எடுக்கணும்னா, என்ன தப்புன்னு முதல்ல எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும், திருத்திக்க அவகாசமும் தரணும். 'அது எங்க கட்சிக்காரருக்குப் பாதகம்தான், இருந்தாலும் கோர்ட்டுக்குச் சொல்றது என் கடமை'ன்னு சொல்றாங்க."

நீதிபதி சொந்தக்காரரைப் பார்த்தார்.

"நோட்டீஸ் கொடுத்தீங்களா?"

அவர் பெரிய வக்கீலைப் பார்த்தார். பெரிய வக்கீல் மேசையைப் பார்த்தார்.

வழக்கு தள்ளுபடி.

சாயங்காலம் ஹமீது பாய் என் கடைக்கு வந்தார்.

"கடை தப்பிச்சதுல ரொம்ப சந்தோஷம் அண்ணே."

"உங்க மகளை எங்க காணோம்?"

"வீட்டுல படுத்திருக்கா. இனிமே அவ முகத்துலயே முழிக்க மாட்டேன்னு கட்சிக்காரர் கத்தினாராம். பெரிய வக்கீலும் பேசலையாம்."

"அதெல்லாம் சரி பாய். அன்னைக்கே என் பேப்பரைப் பார்த்திருந்தா நான் கோர்ட்ல அப்படி முழிச்சிருப்பேனா? படிச்ச திமிர்."

பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்குக் காலையிலதான் அண்ணே, உங்க கடைச் சொந்தக்காரரோட ஃபைலை ஆபீசுல அவ கையில கொடுத்திருக்காங்க. உங்ககிட்ட சொல்ல அவளுக்கு வாய் வரலை. உங்க பேப்பரைப் பார்த்திருந்தா, நீங்க என்ன பேசப் போறீங்கன்னு அவங்க பக்கத்துக்கு முன்கூட்டியே தெரிஞ்சு போயிருக்கும். தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் கையைக் கட்டிக்கிட்டாளாம்."

நான் மல்லிகைச் சரத்தை இலையில் மடித்து, அமீராவுக்கென்று கொடுத்தனுப்பினேன்.

"இப்பவாவது கோபம் போச்சா?" என்றாள் என் மனைவி பஞ்சவர்ணம்.

"எப்படிப் போகும்? தெருவே பார்க்க என்னை நிக்க வச்சா. அதே தெருவுல வந்து ஸாரி சொல்லட்டும்."

"வந்தா மட்டும் பேசிடுவீங்களாக்கும்!"

மேசையைக் கடைக்குள் இழுத்துப் போட்டுவிட்டேன். இடம் நெருக்கடிதான். ஆனாலும் அவள் புத்தகம் விரிக்கிற ஓரத்தில் பூக்கூடை வைப்பதில்லை. முதலில் ஸாரி, அப்புறம் உட்காரட்டும்.

அந்த ஸாரி எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.