ஒரே மூச்சில் வெண்ணெய்

“என் மிக்சிக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுல ஒண்ணு நீங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

வீட்டம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். சமையல் மேடையில் அவருடைய அம்மா வாங்கிக் கொடுத்த அந்தக் காலத்து மிக்சி. மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேகத்தைக் கூட்டும் திருகு என்றைக்கோ உடைந்துபோனதால் குறடு போட்டுத்தான் திருக வேண்டும்.

“ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ஸையே கட்டிக் காத்தவன் நான். இந்த டப்பாவை ஓட்டத் தெரியாதா?” என்றார் போன மாதம் ரிட்டயர் ஆன கணவர்.

“காத்தீங்க, காத்தீங்க. துருப்பிடிச்ச ஆணியைக்கூட உயிரோட வெளியே விட்டதில்லையாமே!”

விஷயம் இதுதான். டாக்டர் வெண்ணெயை நிறுத்தச் சொல்லிவிட்டார். ரொட்டியில் வெண்ணெய் தடவாவிட்டால் நம்மவருக்குப் பொழுது விடியாது. அப்பாவின் துயரம் பொறுக்காமல் மகள் ஒரு பை பீக்கன் பருப்பு அனுப்பியிருந்தாள்.

வால்நட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிற பருப்பு அது. வறுத்து ஆறவைத்து அரைத்துக்கொண்டே இருந்தால், தன் எண்ணெயிலேயே வெண்ணெயாகிவிடுமாம். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு படக்கூடாதாம்.

“நடுநடுவுல நிறுத்தி மோட்டாருக்கு ஓய்வு குடுக்கணும்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கா” என்றார் வீட்டம்மா.

“குடுக்கறேன். நீ மட்டும் குறுக்கே வந்து, எனக்கு அதை அரைக்கணும் இதை அரைக்கணும்னு நிக்காதே.”

“எனக்கு வேண்டியதெல்லாம் நேத்தே அரைச்சு டப்பாவுல அடைச்சாச்சு. இன்னிக்கு ராஜாங்கம் உங்களோடது.”

மிக்சி அலறியது. பருப்பு முதலில் தூளானது, பிறகு ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டது. கணவர் நிறுத்தினார், கரண்டிக் காம்பால் வழித்துவிட்டார், மறுபடி ஓட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், கொஞ்ச நேரத்தில் பளபளவென்று அழகாகவே திரண்டு வந்தது.

“பாத்தியா!”

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். “நல்லா வந்திருக்கு. செவுத்துல ஓட்டை அடைக்கலாம்.”

“ஏன், இதுக்கு என்ன குறை?”

“குறைன்னு நான் சொன்னேனா? உங்க சகலை பண்ணினது கரண்டியில நிக்காம ஓடுச்சாம், தங்கச்சி சொன்னா. ஒரு தடவைகூட நிறுத்தாம ஒரே மூச்சுல அரைச்சாராம். அந்தத் திறமையெல்லாம் எல்லாருக்கும் வருமா, பாவம்!”

ஒரே வீட்டில் பெண் எடுத்த நாளிலிருந்து இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் போட்டி. சகலை தலைக்குச் சாயம் பூசினால் இவர் மீசைக்கும் சேர்த்துப் பூசுவார்.

“அந்த ஆளா? அவனுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது!” பையில் மிச்சமிருந்த பருப்பையும் ஜாரில் கவிழ்த்தார். குறடை எடுத்துக் கடைசி எண்வரை திருகினார்.

மிக்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது. மேடையே அதிர்ந்தது.

“வேணாங்க, சூடாகுது. நம்மால முடியாததுக்கு எதுக்கு வீம்பு?”

“யாரால முடியாது?”

“சரி, சரி. நிறுத்திடுங்க. தங்கச்சி கேட்டா, பாதியிலேயே விட்டுட்டார்னு சொல்லிக்கறேன்.”

இதற்குப் பிறகு எந்த மாப்பிள்ளை நிறுத்துவார்? இரண்டு கையாலும் மூடியை அமுக்கிப் பிடித்தார். அலறல் முனகலானது. வறுத்த பருப்பின் வாசனை போய், ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ‘டப்’பென்று ஒரு சத்தம். அடியிலிருந்து புகை.

ஜாருக்குள் வெண்ணெய் கரண்டியில் நிற்காமல்தான் ஓடியது. கைதட்டத்தான் ஆளில்லை.

“ஐயோ, எங்கம்மா ஆசையா வாங்கிக் குடுத்ததாச்சே!” வீட்டம்மா நாற்காலியில் சரிந்து, கைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

கணவர் மிக்சியைக் கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு ஆபீஸ் குரலில் தீர்ப்புச் சொன்னார். “மோட்டார் மொத்தமா போச்சு. இனி எதுக்கும் உதவாது, கண்டம்.”

ஸ்டோர்ஸில் அது மரணச் சான்றிதழ். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வராமல், பழையதற்குப் பதில் புதியது யாருக்கும் கிடைத்ததில்லை. ஃபேக்டரியிலும் சரி, வீட்டிலும் சரி.

“அழாதே. தப்பு என்னோடதுதான். இப்பவே போய்ப் புதுசு வாங்கிட்டு வர்றேன்.”

“எதுக்குங்க வீண் செலவு? இதையே யார்கிட்டயாவது குடுத்து...”

“பேசாதே! நாலு ஜார் வெச்சது, பெரிய மோட்டார். சகலை வீட்டுல இருக்கறதைவிடப் பெரிசா வாங்கறேன், பாரு!”

“உங்க இஷ்டம்” என்றது துண்டுக்குள்ளிருந்து ஒரு ஈனக்குரல்.

கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் வீட்டம்மா துண்டை இறக்கினார். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. வெண்ணெயில் ஒரு விரல் தொட்டு நக்கிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டார்.

“அப்பா கடைக்குப் போயாச்சு.”

அந்தப் பக்கம் மகள் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஏண்டி, நம்ம வாஷிங் மெஷினுக்கு ஏதாவது ரெசிப்பி இருக்கா?”