பிரேம்நாத் காய்த்திருக்கிறார்

வாசல் மணி விடாமல் அலறியது. கிருத்திகா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஊர்ப் பொதுத் தோட்டத்து ஆள் ஒரு பெரிய பரங்கிக்காயை அவள் கையில் கொடுத்தான். காம்பில் கட்டியிருந்த ஓலையில் கணவரின் பெயர் இருந்தது: பிரேம்நாத், வயது 71. ஜனவரியில் அவரது உடலை உரமாக்கிய பாத்தியில் காய்த்தது.

“இன்னிக்குப் பேய்த் திருநாள். சமைச்சிருங்கம்மா, வீணாக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.

மாலை ஆறு மணிக்குத் தென்னைநார் முகமூடி போட்ட குட்டிப் பேய்கள் சூப் கேட்டு வந்துவிடும். கிருத்திகா கத்தியை எடுத்தாள். கீழே வைத்தாள். மறுபடியும் எடுத்தாள்.

“என்னால முடியாது ஆதிரை. இது உங்கப்பா.”

“வீடு தேடி வந்த பசங்களைச் சும்மா அனுப்பினா அப்பா கத்துவாரும்மா” என்றாள் மகள். “குடு, நான் வெட்டறேன்.”

“வேண்டாம். உனக்கு மெதுவா வெட்டத் தெரியாது.”

காயின் மேலிருந்த கோடுகளின் வழியாகவே கத்தியை இறக்கி, கிருத்திகாவே துண்டு போட்டாள். அரை மணி நேரத்தில் சூப் கொதித்தது. ஆதிரை மிளகுத்தூள் டப்பாவைத் திறந்தாள். கிருத்திகா அவள் கையைப் பிடித்தாள்.

“கொஞ்சமாப் போடுடி. அப்பாவுக்குக் காரம் ஆகாது.”