சுமைகூலி

"கட்டணக் கணக்கைக் காட்டுங்க சார்" என்றேன் முதலாளியிடம்.

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தது அதைத்தான். படியளக்கிறவரிடம் கணக்குக் கேட்டால் படியும் போகும் என்பாள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதோடு பயத்தையும் சேர்த்துத்தான் முடிந்து அனுப்பியிருந்தாள்.

அம்மா தையல்காரி. அவள் வரைந்த சட்டை வெட்டும் படங்கள் எங்கள் கம்பெனியின் இணையதளத்தில் விற்கின்றன. ஒரு படம் பத்து ரூபாய். அதில் கார்டு கட்டணம் என்று ஏழு ரூபாயைப் பிடித்துக்கொள்வார்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கார்டில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் வங்கிக்கு ஒரு கூலி உண்டு. தொகை சிறியது என்று அது இரக்கப்படாது. ஆயிரத்தில் கண்ணுக்குத் தெரியாது. பத்தில் அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

போன வருடம் முதலாளி அதற்கு ஒரு வழி செய்யச் சொன்னார். ஒருவர் வாரம் முழுக்க வாங்கும் படங்களைச் சேர்த்து, சனிக்கிழமை ஒரே தடவையாகக் கார்டில் எடுப்பது. கூலி ஒன்றோடு போகும், தையல்காரர்களுக்கு மிச்சமாகும் என்றார். நம்பி, ராப்பகலாக உட்கார்ந்து அதற்கான நிரலை எழுதினேன்.

மிச்சமானது. தையல்காரர்களுக்கு இல்லை. படத்துக்கு ஏழு பிடிப்பது நிற்கவே இல்லை.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார்.

"பேங்க்காரன் ஒவ்வொண்ணுக்கும் பிடிக்கிறாம்மா, நான் என்ன பண்றது? வேணும்னா உங்க அம்மாவுக்கு மட்டும் பார்த்துப் போட்டுத் தரேன். வெளியில மூச்சு விடாத."

கொல்லன் தெருவில் ஊசி விற்றார்.

மேசையில் அவருடைய போன் 'டிங்' என்றது. கார்டில் பணம் எடுக்கும்போதெல்லாம் ஒலிக்கும்படி வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் அவருக்கு அதுதான் பாட்டுக் கச்சேரி. இந்தச் சனிக்கிழமை விட்டு விட்டு அல்ல, விடாமல் அடித்தது.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பத்து. பத்து. பத்து.

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்தப் போனின் பக்கத்தில் வைத்தேன். என் அம்மாவுக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கதவை நான் சாத்திய பிறகும் சத்தம் கேட்டது.

வாசலில் அவருடைய புதுக் கார் நின்றது. திங்கட்கிழமை தவணை என்று அலுவலகம் முழுக்கத் தெரியும்.

அவருடைய அறைக்குள் நான் நுழைவதற்கு முன்பே, நான் எழுதிய நிரலை நானே நிறுத்திவிட்டிருந்தேன். ஒரு வாரத்துப் படங்களும் சேராமல் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன. வாங்கியவர்களுக்கு ஒரு காசு கூடவில்லை. தையல்காரர்களுக்கு ஒரு காசு குறையவில்லை.

அவர் சொன்னது இப்போது பொய் இல்லை. பேங்க்காரன் ஒவ்வொன்றுக்கும் பிடித்துக்கொண்டிருந்தான்.