பின்பக்க அறை

"பின்னாடி ஒரு ரூம் இருக்கும்ல, அது போதும்" என்றாள்.

நான் அப்போதுதான் முன்பக்க அறையின் திரைச்சீலையை விலக்கிக் காட்டியிருந்தேன். கீழே அலசானிப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம், அதற்கு அப்பால் பனி மலை. எங்கள் மலையூர் சிக்நாகிக்கு வந்து என்னிடம் அறை எடுக்கிறவர்கள் இந்த ஜன்னலுக்காகத்தான் வருகிறார்கள். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலையிலிருந்து அறை கேட்டு எங்கள் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். தலையில் முக்காடு, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. நீச்சல்குளம் வைத்த புது விடுதியிலிருந்தே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்ததை என் மாடியிலிருந்து பார்த்தேன்.

"அது ரூம் இல்லம்மா, குப்பை போடுற இடம். ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு முற்றம்தான் தெரியும். அதனாலதான் ஆணி அடிச்சு வெச்சிருக்கேன்."

"அதுவே இருக்கட்டும்க்கா."

அந்த அறையை நான் எந்த விளம்பரப் படத்திலும் போட்டதில்லை. சந்து வழியாக வரும்போது பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு அங்க கல்யாணம். முந்நூறு பேர். பாட்டும் கூத்துமா ஒரு பொட்டு தூங்க முடியாது, சொல்லிட்டேன்."

"தூங்க வரல."

பிடிவாதக்காரி. உட்காரவைத்துப் பேசித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து, ஆளுக்கொரு கோப்பை ஒயின் ஊற்றினேன்.

என் வாய் சும்மா இருக்குமா? ருஸ்தாவியிலிருந்து வந்து இந்த வீட்டை வாங்கி நாலு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் தெருவில் எந்த வீட்டுக் கதையும் எனக்கு அத்துப்படி.

மாப்பிள்ளை பெயர் ரேவாஸ். அவன் பிறந்த வருடத்து ஒயினை அப்பா கோச்சா முற்றத்தில் புதைந்திருக்கும் மண்தாழியில் நிரப்பி, கல்லால் மூடி, களிமண் பூசி வைத்தான். பையன் பிறந்தால் இங்கே அப்படித்தான். இருபத்திமூன்று வருடம் யாரும் தொடவில்லை. நாளைக்குத்தான் திறக்கிறார்கள்.

"பெத்தவ சியாலாவுக்குத்தான் குடுப்பினை இல்ல" என்றேன். "வயசானவங்களப் பாத்துக்கற வேலைக்கு இத்தாலி போனவ. மூணாம் வருஷமே மாரடைப்பு. உடம்பக்கூடக் கொண்டுவர முடியலையாம். நாற்பதாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட கோச்சா இன்னொருத்தியக் கட்டிக்கிட்டான். என்ன பண்ணுவான் பாவம், கையில சின்னப் பையன்."

அவள் கோப்பையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"மாரடைப்புன்னா சொன்னான்?"

"அப்படித்தான் ஊரே சொல்லுது."

"பையன் அழுதானா?"

"பத்து வயசு, அழமாட்டானா? ஒரு வாரம் அந்தத் தாழி மூடி மேலயே படுத்துக் கெடந்தானாம். அம்மா வந்து திறப்பான்னு."

இதைச் சொல்லும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்தப் பையனை எனக்குப் பிடிக்கும். குளிர்காலத்தில் கேட்காமலே என் விறகையும் பிளந்து கொடுத்துவிட்டுப் போவான்.

"நாளைக்கு விருந்துல அவ பேரைச் சொல்லி எல்லாரும் எழுந்து நின்னு குடிப்பாங்க. நாம இன்னிக்கே குடிச்சிருவோம்."

ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துத் தட்டில் வைத்தேன். இறந்தவர்களை நினைத்துக் குடிக்கும்போது முதலில் அவர்களுக்கு நாலு சொட்டு ரொட்டியில் விட வேண்டும்.

"சியாலா ஆத்மா வெளிச்சத்துல இருக்கட்டும்."

அவளும் தன் கோப்பையைச் சாய்த்து அதே துண்டின் மேல் நாலு சொட்டு விட்டாள். வெளியூர்க்காரியாக இருந்தாலும் மரியாதை தெரிந்தவள் என்று எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒயினில் ஊறிச் சிவந்திருந்த அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்றாள்.

எனக்குப் பதறிவிட்டது. "ஐயையோ! அது செத்தவளுக்கு வெச்சதும்மா!"

"ஆமாக்கா. எனக்குத்தானே வெச்சீங்க."

நான் அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

அடுத்த வீட்டிலிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. நாளைக்குத் திறப்பதற்காகத் தாழி மேலிருந்த மண்ணை யாரோ சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போய் அவனக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். ஒரு தடவை அழுது முடிச்சுட்டான். நாளைக்கு அவன் சிரிக்கணும்."

அவள் கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்தாள். நான் எழுந்து, பின்னறை ஜன்னலின் ஆணியைப் பிடுங்கக் குறடு எங்கே வைத்தேன் என்று தேடப் போனேன்.