எண்ணெய்ச் சட்டி மூடி

மூடி பேசாதா வடிவு? எண்ணெய்ச் சட்டியில தீப் பிடிச்ச அன்னிக்கு அதுதான்டி மொதல்ல கத்துச்சு! பக்கத்துல தண்ணிச் சொம்பு நின்னுச்சு. என் நாத்தனா மரகதம் கல்யாணச் சீர்ல வந்தது. அதுல பேரு வெட்டலன்னு சம்பந்திங்க மூணு நாள் சண்டை, அது கெடக்கட்டும்.

"தீய அணைக்கன்னா நான்தான்டி!"ன்னு சொம்பு சரிஞ்சுது.

"ஐயோ அண்ணே, கொதிக்கிற எண்ணெய், வேணாம்!"ன்னுச்சு மூடி.

"சோறு மூடுறவளுக்கு என்னடி தெரியும்?"

ஒரு வாய்த் தண்ணிதான் விழுந்துச்சு. ஆத்தாடி! தீ பரண் வரைக்கும் எழும்பி, அங்கிருந்த பாயை நக்கிருச்சு. சொம்பு பின்னால உருண்டுருச்சு. மூடிதான் சறுக்கிப் போயி சட்டி வாயில இறுக்கி உக்காந்துச்சு. காத்தில்லாம தீ அடங்குச்சு. மூடிக்கு மொகமெல்லாம் கரி.

என்னது, நீ அடுப்புல எண்ணெய வச்சிட்டா இங்க உக்காந்திருக்கே? ஏய் வடிவு, வெளிய காயுற மூடிய உள்ள கொண்டாடி, ஓடு!