பவுடர்
மார்பகப் புற்றைப் படமெடுத்துக் கண்டுபிடிக்கும் வண்டி மீன் மார்க்கெட் வாசலில் வந்து நின்றதும், அமலோற்பவம் கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, அக்குளிலும் மார்புக்கடியிலும் பவுடரை அள்ளி அப்பிக்கொண்டு வந்தாள். வண்டிக்குள் ஏசி குளிர்ந்தது. மார்பைத் தட்டுகளுக்கு நடுவே அழுத்திப் படமெடுத்த பெண் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"பவுடர் போட்டிருக்கீங்களாம்மா? படம் பூரா வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுந்திருக்கு. போடக் கூடாதுன்னு வெளியிலயே சொன்னோமே."

அமலோற்பவத்துக்கு உடம்பு கூசியது. "மீன் யாவாரம் தாயி. ஒனக்கு வீச்சம் அடிக்குமேன்னுதான்..."

அந்தப் பெண் ஈரத்துணியை நீட்டினாள். அமலோற்பவம் தலைநிமிராமல் துடைத்தாள். மறுபடி தட்டு அழுத்தியது. திரையில் இறைந்து கிடந்த புள்ளிகளெல்லாம் போயிருந்தன. இடது மார்பில் மட்டும் ஒரு சின்னக் கொத்து அப்படியே இருந்தது. அந்தப் பெண் இப்போது முகம் சுளிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமலோற்பவமும் எட்டி அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள்.

"நான்தான் சரியாத் துடைக்கல, கோவிச்சுக்காத தாயி."

அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் அமலோற்பவம் துணியை எடுத்து, அந்த இடத்தைத் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்க்க ஆரம்பித்தாள்.